முற்றத்துக் கோலமும் நமது விமரிசனமும்

மக்கள் கலை என்ற தொடரை நாம் தாராளமாகவே பயன்படுத்துகிறோம். கூத்தை மக்கள் கலை என்கிறோம். நாட்டார் பாடலை, கும்மியை, வசந்தனை மக்கள் கலை என்கிறோம். ஆயின், தை மாதம் முதல் நாளன்று மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், ஆயிரக்கணக்கான வீட்டு முற்றங்களில் விடியுமுன் தோன்றி, பொழுது சாயுமுன் மறைந்துபோகும் கோலத்தை இப்பட்டியலிலே சேர்க்க நமக்கு நினைவு வருவதில்லை. கோலத்தைப் பற்றி எதுவுமே எழுதப்படவில்லை என்று கூறமுடியாது. பொங்கல் மலர்களிலே ஆண்டுதோறும் எழுதுகிறார்கள். ஒன்றில் அது பண்பாட்டுப் புகழுரையாக இருக்கிறது; அல்லது இத்தனை புள்ளி, இத்தனை வரிசை என்னும் செய்முறைக் குறிப்பாக இருக்கிறது. ஒரு கலைப்படைப்பைப் பற்றிக் கேட்கவேண்டிய கேள்விகளை இவ்விரண்டும் கேட்பதில்லை. இதனை ஆக்கியவர் யார்? எப்பொருளால், எத்தகைய நிலைமையில் ஆக்கினார்? அதனை ஆக்கும் உரிமையை அவருக்கு அளித்தவர் யார், மறுத்தவர் யார்? நல்ல கோலத்தைச் சாதாரணக் கோலத்திலிருந்து பிரித்தறியும் அளவுகோல் எது? இக்கேள்விகளைக் கேட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கூத்தின் வரலாறு இவ்விடத்திலே நமக்குப் பாடமாகும். ஒரு காலத்திலே கற்றோர் பலரின் ஏளனத்துக்கு ஆளாகியிருந்த அக்கலையை, பேராதனைப் பல்கலைக்கழகத்திலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் புதிய அரங்குக்குக் கொண்டுவந்தார். 1962 இல் ‘கர்ணன் போர்’ மேடையேறிற்று. அதனைத் தொடர்ந்து ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலி வதை’ ஆகியன வந்தன. வட்டக்களரியிலே விடிய விடிய ஆடப்பட்ட ஆட்டம் பல்கலைக்கழக மாணவரின் கலையாயிற்று. 1964 இல் வெளிவந்த வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ இப்பிரதேசத்தின் வாழ்வும் வழக்கும் ஆராயத்தக்கன என்பதை நிலைநாட்டிற்று. முற்போக்கு விமரிசனமும் இம்முயற்சிகளின் பெறுமதியை உணர்ந்து துணைநின்றது. இவை யாவும் பெருமைப்படத்தக்க பணிகளே.

ஆனால் அம்மரியாதை களரியோடு நின்றுவிட்டது. களரி ஊருக்குப் பொது. அங்கே ஆடியோர் ஆண்கள். பெண் வேடத்தையும் ஆண்களே தாங்கினர். முற்றமோ வீட்டைச் சேர்ந்தது; அங்கே கலைஞர் பெண். களரியிலே அண்ணாவியாருக்குப் பெயர் உண்டு. முற்றத்திலே கோலமிட்டவளுக்குப் பெயர் இல்லை. சமைத்தல், கூட்டுதல், மெழுகுதல் ஆகியவற்றை உழைப்பாகக் கணக்கிடாத சமுதாயம், அதே கை தொடர்ந்து செய்யும் கோலத்தைக் கலையாகக் கணக்கிடாததில் வியப்பில்லை. உழைப்பின் மாண்பைப் பேசிய விமரிசனமும் அக்கணக்கை மறுத்துரைக்காமல் விட்டதே வியப்புக்குரியது.

முதலில் கோலம் இடப்படும் களத்தை நோக்குவோம். தமிழ்நாட்டின் பல ஊர்களிலே வாசற்கோலம் நாளாந்த வேலை. மார்கழியிலே அது பெருகும். ஈழத்திலோ பெரும்பாலும் விசேட நாள்களிலேயே கோலம் இடப்படுகிறது. அவற்றுள் தைப்பொங்கல் தலையாயது. முற்றத்தைக் கூட்டிச் சாணி கொண்டு மெழுகுவர். அரிசிமாவைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே ஒழுகவிட்டுக் கோடு இழுப்பர். சதுரமாக எல்லை வகுத்து, மூலைகளை அழகுசெய்து, நடுவிலே அடுப்புக்கல் மூன்றை வைத்து, சூரியனை நோக்கிப் பொங்கற்பானையை ஏற்றுவர். நிறைகுடமும் குத்துவிளக்கும் அருகே நிற்கும். எனவே இங்கே கோலம் தனித்து நிற்கும் அலங்காரமாகாது. நாள்தோறும் புகைக்குள் மறைந்து கிடக்கும் அடுக்களை ஒரு காலைப்பொழுதுக்கு வெயிலுக்கும் ஊரார் பார்வைக்கும் வெளிப்படுகிறது. அவ்வெளிப்பாட்டின் எல்லைக்கோடே கோலம்.

மட்டக்களப்பு முற்றத்துக்கு மேலும் ஒரு சிறப்பு உண்டு. இப்பிரதேசத்துத் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் ‘குடி’ தாய்வழியாகவே வருகிறது. வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்லும். மருமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து சேர்வான். அதாவது, கோலமிடும் பெண் பெரும்பாலும் தன் வீட்டு நிலத்திலேயே அதனை இடுகிறாள். இதனைக் கொண்டு இங்கே பெண்ணடிமை இல்லை என்று முடிவுகட்டுவோர் உளர். அது அவசர முடிவு. வீடு அவளுடையதாயினும், வயலின் கணக்கும் கோயிலின் நிருவாகமும் பெரும்பாலும் ஆண்களின் கையிலேயே இருந்து வந்துள்ளன. போடியாரின் வயலிலே நெல் பங்கிடப்பட்ட காலத்தில், கதிர் பொறுக்கியும் நெல் குற்றியும் பிழைத்த பெண்ணுக்கு அப்பங்கிலே இடம் இருந்ததில்லை. 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகை விவசாயியின் உரிமையைப் பேசிற்று. நாட்கூலிக்குச் செல்லும் பெண் அதன் எல்லைக்கு வெளியிலேயே நின்றாள். கோலமா அவள் குற்றி இடித்த மா. அது வந்த நெல்லின் கணக்கு அவளுடையதன்று. பொங்கற் கோலத்தை வியந்து நோக்கும்போது இம்முரண்பாட்டையும் நாம் உடன் நோக்கவேண்டும்.

பொங்கலை அறுவடைத் திருநாள் என்று பாடநூல்கள் கூறுகின்றன. மட்டக்களப்பு வயலை அறிந்தவர் இக்கூற்றைச் சற்றுத் திருத்தியே ஏற்பர். வடகீழ்ப் பருவமழையை நம்பி விதைக்கப்படும் பெரும்போகம் தை பிறக்கும்போது பல வட்டைகளிலே இன்னும் வெட்டப்படாமலே நிற்கும். வேளாண்மை வெட்டும் சூடடிப்பும் தையின் பிற்பகுதியிலும் மாசியிலும் பங்குனியிலுமே நிறைவெய்தும். ஆகவே பொங்கலன்று பானையிலே வேகும் அரிசி பல வீடுகளில் சென்ற போகத்தின் மிச்சம். சில வீடுகளில் கடைக் கடன். நெல் வீடு வந்துவிட்டது என்ற நன்றியைக் காட்டிலும், வந்து சேரவேண்டும் என்ற விருப்பமே அக்கோலத்திலே மேலோங்கி நிற்கிறது.

இவ்விருப்பத்தை விளங்கிக்கொள்ள வங்காளத்து ஓவியர் அவனீந்திரநாத் தாகூரின் சிந்தனை நமக்கு உதவுகிறது. 1919 இல் அவர் ‘பாங்லார் பிரத’ என்ற சிறு நூலை வெளியிட்டார். வங்கப் பெண்கள் நோற்கும் விரதங்களையும், அவற்றின்போது அரிசிமாக் கரைசலால் தரையிலே வரையும் ‘ஆல்பனா’ என்னும் கோலத்தையும் அதிலே ஆராய்ந்தார். புரோகிதர் நடத்தும் சாஸ்திர விரதம் வேறு, பெண்கள் தாமே நடத்தும் விரதம் வேறு எனப் பிரித்துக் காட்டிய அவர், ஆல்பனாவிலே உருக்கொள்வது மனித விருப்பமே எனக் கண்டார். நெல்லை வேண்டுபவள் நெற்கதிரை வரைகிறாள். நிறைந்த களஞ்சியத்தை வேண்டுபவள் களஞ்சியத்தை வரைகிறாள். தெய்வத்திடம் மன்றாடுவதற்கு முன்னரே விருப்பத்துக்குக் கண்ணாற் காணத்தக்க வடிவத்தைக் கொடுத்துவிடுகிறாள். கலையின் பிறப்பை உழைப்பிலும் வாழ்க்கைத் தேவையிலும் காணும் நமக்கு இவ்விளக்கம் அந்நியமானதன்று.

வாவிக்கரை மக்களின் அவ்விருப்பம் பல தடவை பொய்த்திருக்கிறது. 2011 ஜனவரியிலே, பொங்கலுக்கு முந்திய நாள்களிற் பெய்த பெருமழை மட்டக்களப்பு மாவட்டத்தை வெள்ளக்காடாக்கிற்று. விளைந்து நின்ற வேளாண்மை நீரிலே அழுகிற்று. இடம்பெயர்ந்தோர் பாடசாலைகளிலும் பொதுக் கட்டடங்களிலும் தஞ்சம் புகுந்தனர். கோலமிடுவதற்கு முற்றமே இல்லாத பொங்கல் அது. பத்தாண்டுகளின் பின், 2021 இல், இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் திடீரெனத் தடைசெய்தது. நவம்பரிலே தடை விலக்கப்பட்டபோதிலும் பெரும்போகப் பயிர் உரிய வேளையில் உரத்தைக் காணவில்லை. 2022 இன் விளைச்சல் நாடெங்கும் வீழ்ந்தது. வெள்ளம் இயற்கையின் செயல். உரத்தடை ஆட்சியாளரின் செயல். இரண்டின் சுமையும் வந்து இறங்கிய இடம் ஒன்றே. கோலத்தை ‘மங்கலத்தின் சின்னம்’ என்று வாழ்த்திவிட்டு அப்பாற் செல்லும் எழுத்து, அந்தக் கோட்டுக்குள்ளே இருக்கும் இந்த அச்சத்தையும் நம்பிக்கையையும் காணத் தவறிவிடுகிறது.

இனிக் கோலத்தைக் கலையாகவே எடுத்து நோக்குவோம். ஓவியன் தூரிகையைத் துணியிலே ஊன்றலாம். தவறின் அழித்துத் தீட்டலாம். கோலமிடுபவளின் விரல் தரையைத் தொடுவதில்லை. மா விழும் வேகமும் கை நகரும் வேகமும் ஒத்துச் சென்றாலன்றிக் கோடு ஒரே பருமனாக அமையாது. குனிந்த உடலோடு, தான் இட்ட கோட்டை மிதியாமல், பின்னோக்கி நகர்ந்துகொண்டே முழு உருவத்தையும் மனத்திலே ஏந்தியிருக்கவேண்டும். சிக்குக் கோலத்திலே புள்ளிகளைச் சுற்றிச் சுற்றி வரும் கோடு ஒன்றையொன்று வெட்டிச் சென்று, இறுதியிலே புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கிறது. எப்புள்ளியும் விடுபடக்கூடாது, எக்கோடும் தொங்கி நிற்கக்கூடாது. இந்த ஒழுங்கு வெறும் பழக்கத்தால் வருவதன்று. சென்னை கிறித்தவக் கல்லூரியிலே பணியாற்றிய கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் 1974 இல் வெளியிட்ட ஆய்வொன்று, கோலத்தின் ஒழுங்கைக் கணினி அறிவியலின் வடிவ இலக்கணமாக எடுத்துரைத்தது. பள்ளிக்கூடத்தை ஒருநாளும் மிதிக்காத பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கையிலே வைத்திருந்த அறிவு, விஞ்ஞானிகளின் ஆராய்ச்சிப் பொருளாயிற்று. ‘படிக்காத பெண்களின் பொழுதுபோக்கு’ என்று ஒதுக்குவோருக்கு இதனினும் சிறந்த மறுமொழி வேண்டியதில்லை.

இத்தகைய அறிவும் திறனும் உள்ள கை எல்லா நாளும் கோலமிடலாமா? இக்கேள்வியிலேதான் மரபின் கொடுமை வெளிப்படுகிறது. கோலம் மங்கலம் என்று கொள்ளப்படுவதால், அதனை இடுபவளும் ‘மங்கலமானவள்’ ஆக இருக்கவேண்டும் என்ற விதி உடன் வந்துவிடுகிறது. மாதவிலக்கான பெண் விலகி நிற்கவேண்டும். கணவனை இழந்தவள் நல்ல காரியத்துக்கு முன்னே வரக்கூடாது. முப்பது ஆண்டுகள் தாய்க்கும் சுற்றத்துக்கும் கோலம் இட்ட கை, கணவன் இறந்த மறுநாளே தகுதியற்றதாகிவிடுகிறது. கை மாறவில்லை, கலை மாறவில்லை, அவளைப் பற்றிய சமுதாயத்தின் பதிவேடு மாறிவிட்டது.

இவ்விதி எங்கும் கொடியது. மட்டக்களப்பிலே அதன் கொடுமை பன்மடங்கு. 1983 முதல் 2009 வரை இலங்கையைச் சுட்டெரித்த போர், 2007 வரை இப்பிரதேசத்தைக் களமாகக் கொண்டிருந்தது. அதற்கிடையிலே 2004 டிசம்பர் 26 அன்று கடலும் பொங்கி வந்தது. ஆயிரக்கணக்கான வீடுகளிலே குடும்பத்தைத் தாங்குபவள் கணவனை இழந்த பெண். அல்லது காணாமற் போனவன் வருவான் என்று காத்திருக்கும் பெண். வேளாண்மை வெட்டிலே கூலிக்குச் செல்பவள் அவள். பிள்ளைகளைப் படிக்கவைப்பவள் அவள். பொங்கல் நாளன்று மாத்திரம் அவள் பின்னே நிற்க, அவளுடைய முற்றத்துக்கு அயலவர் வீட்டுப் பெண் வந்து கோலமிடவேண்டும் என்று சொல்லும் மரபை நாம் என்ன பெயரிட்டு அழைப்பது? பண்பாட்டுப் பாதுகாப்பு என்ற பெயரிலே இதனையும் சேர்த்துப் பாதுகாக்க முனைவோரோடு நமக்கு உடன்பாடு இல்லை.

வங்காளத்தின் அனுபவம் இங்கும் ஒளிதருகிறது. சாந்திநிகேதனத்துக் கலாபவனத்திலே ஆல்பனாவைக் கற்பிக்க 1920களில் நந்தலால் போஸ் அழைத்துக்கொண்டவர் சுகுமாரி தேவி. அவர் இளவயதிலேயே கணவனை இழந்தவர். கிராமத்திலே கற்ற கைத்திறனன்றி வேறு கல்லூரித் தகுதி அவருக்கு இல்லை. கலைக்கூடம் அவருடைய திறனையே நோக்கிற்று. மங்கலம் ‘யார் இட்டது?’ என்று கேட்கிறது. கலை ‘எப்படி இட்டது?’ என்று கேட்கிறது. கோலத்தைக் கலை என்று நாம் வற்புறுத்துவதன் முதற்காரணம் இதுதான். அது வெறும் சொற்பிரச்சினையன்று. ஒரு பெண் தன் முற்றத்திலே நிற்கலாமா, கூடாதா என்ற பிரச்சினை.

அடுத்து, நிறங்களைப் பற்றிய விவாதத்துக்கு வருவோம். அண்மைப் பத்தாண்டுகளிலே பொங்கற் கோலம் பலநிறம் பெற்றுவிட்டது. கடைகளிலே பொலித்தீன் பைகளில் விற்கப்படும் வர்ணப்பொடி, சாயமேற்றிய அரிசி, உப்பு, மரத்தூள் ஆகியன வெண்மாவின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. ‘ரங்கோலி’ என்ற வடநாட்டுப் பெயரும் உடன் வந்தது. இதனைக் கண்டு, தூய்மை கெட்டது, மரபு அழிந்தது என்று புலம்புவோர் ஒருபுறம். அரிசிமா எறும்புக்கு உணவாகும், கல்மா ஆகுமா என்பது அவர்களின் வாதம். எறும்பிடத்து அவர்கள் காட்டும் இரக்கத்தைக் குறைகூற வேண்டியதில்லை. ஆயின் அதே இரக்கம், முற்றத்திலே ஒதுக்கி நிறுத்தப்பட்ட பெண்ணிடத்தும் சென்றிருக்கலாம். நிறத்தின் மீது நமக்குப் பகைமை இல்லை. வெண்கோட்டுக்குக் காவிக்கரை கட்டிய பழைய கைகளும் நிறத்தை விரும்பியவையே. மீன்பிடித்துப் பிழைக்கும் குடும்பத்துச் சிறுமி சில ரூபாவுக்கு வாங்கிய நீலத்தையும் மஞ்சளையும் தூவித் தன் சிறு முற்றத்தைப் பெரிய வீட்டு முற்றத்துக்கு நிகராக்கும்போது, அம்மகிழ்ச்சியைத் தூய்மையின் பெயரால் பறிக்க நமக்கு உரிமை ஏது?

மறுபுறம், பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் நடத்தப்படும் கோலப் போட்டிகள். இவற்றை நியாயமாக மதிப்பிடவேண்டும். போட்டி ஒரு நன்மையைச் செய்திருக்கிறது. அங்கே நடுவர் போட்டியாளரின் கணவன் உயிரோடு இருக்கிறானா என்று கேட்பதில்லை. ஆண் பிள்ளைகளும் குழுவிலே சேர்ந்து நிறம் தூவுகிறார்கள். பெயரற்றவளாக இருந்த கலைஞரின் பெயர் ஒலிபெருக்கியிலே கேட்கிறது. முற்றம் திறவாத கதவைப் போட்டி சிறிது திறந்திருக்கிறது என்பதை மறுக்கலாகாது.

ஆயினும் போட்டி தன் அளவுகோலையும் உடன் கொண்டுவந்தது. தொலைவிலிருந்து பார்ப்பவரின் கண்ணையும் புகைப்படக் கருவியையும் கவர்வதே வெற்றி என்றாகிவிட்டது. சோக்கட்டியால் முன்னரே வரைந்து, இடைவெளிகளை நிறத்தால் நிரப்பும் முறை பரவிற்று. கோடு இழுக்கும் விரலின் திறன் தேவையற்றதாயிற்று. மயிலும் பானையும் கரும்பும் ஒரே அச்சிலிருந்து வந்தவைபோல எல்லா இடத்திலும் தோன்றுகின்றன. மயில் இருக்கும் இடத்திலே கோடு இருப்பதில்லை. அதிக பொடி வாங்க வசதியுள்ள குழு பெரிய கோலத்தை இடுகிறது. பெரிய கோலம் பரிசைப் பெறுகிறது. பழைய முற்றம் பெண்ணின் நெற்றியைப் பார்த்துத் தகுதியை அளந்தது. புதிய மைதானம் பையின் கனத்தைப் பார்த்து அளக்கிறது. கையின் திறனை அளக்கும் அளவுகோல் இரண்டு இடத்திலும் இல்லை.

கோலம் சமுதாயத்தோடு உரையாடவல்லது என்பதற்கு நம் காலத்திலேயே சான்றுகள் உண்டு. 1952 பெப்ரவரி 21 அன்று தாய்மொழிக்காக உயிர்நீத்தோரின் நினைவாக, டாக்காவிலே தியாகிகள் நினைவுச்சின்னத்தின் முன்னுள்ள தளத்திலும் வீதியிலும் ஆண்டுதோறும் நுண்கலை மாணவர் ஆல்பனா வரைகின்றனர். விரதத்துக்கு உரியதாக இருந்த வீட்டுக் கலை, ஒரு மக்கட் கூட்டத்தின் நினைவாக வீதிக்கு வந்தது. 2019 டிசம்பர் 29 அன்று சென்னை பெசன்ட் நகரிலே, இந்தியக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துக் கோலமிட்டவர்களைப் பொலிஸார் பிடித்துச் சென்று பின்னர் விடுவித்தனர். அதனை அடுத்துப் பல வீட்டு வாசல்களிலே அதே எதிர்ப்பு வாசகம் கோலத்தோடு தோன்றிற்று. பொங்கலன்று பாதுகாக்கவேண்டிய பண்பாடாகப் போற்றப்படும் மாக்கோடு, கருத்தைச் சொன்ன அன்று குற்றமாகக் கருதப்பட்டது. கோலமிடுபவள் சிந்திப்பவள் என்பதை அதிகாரம் உணர்ந்துகொண்ட நாள் அது. விமரிசனம் அதனினும் பின்தங்கி நிற்கலாமா?

எனவே, நம்முன் உள்ள கடமைகள் தெளிவானவை. முதலாவது, கோலத்துக்கு அதன் தொழிலிலிருந்தே பிறந்த அளவுகோலை வகுக்கவேண்டும். கோட்டின் ஒழுக்கு, புள்ளிக்கும் கோட்டுக்கும் உள்ள இசைவு, முற்றத்தின் அளவுக்கு ஏற்ற வடிவம், பழைய வடிவத்திலிருந்து கை கண்டெடுத்த புதுமை, நிறம் கோட்டை மறைக்காமல் அதற்குத் துணைநிற்கும் பொருத்தம் ஆகியவற்றை நடுவர் நோக்கட்டும். பொருளின் விலையும் பரப்பின் பெருமையும் புள்ளி பெறாதிருக்கட்டும். இரண்டாவது, அழிந்துபோகும் இக்கலையைப் பதிவுசெய்யவேண்டும். ஆசிரியர் ஒருவர் தம் வகுப்பு மாணவரிடம், பொங்கலன்று வீட்டிலே இடப்பட்ட கோலத்தை ஒரு தாளிலே வரைந்து, அதனை இட்டவரின் பெயரையும், அவர் யாரிடம் கற்றார் என்பதையும் எழுதிவரச் சொன்னால், சில ஆண்டுகளிலே எவ்வளவு பெரிய செல்வம் திரளும்! தாய் மத்திய கிழக்கிலே பிறர் வீட்டு வேலைக்குச் சென்றிருக்க, அம்மம்மாவோ அண்ணனோ இட்ட கோலமும் அத்தாள்களிலே இடம்பெறட்டும். நம் சமுதாய வரலாறு அதுவேயாகும். கல்லடியிலே சுவாமி விபுலானந்தரின் பெயரால் அமைந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. அண்ணாவியாருக்குப் பல்கலைக்கழக அரங்கிலே கிடைத்த மதிப்பு, எழுபது வயதிலும் கைநடுங்காது சிக்குக்கோலம் இடும் மூதாட்டிக்கு அத்தகைய கூடங்களிலே கிடைக்கவேண்டும்.

மூன்றாவது கடமை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு நிறுவகமும் வேண்டாம், நடுவரும் வேண்டாம். வருகின்ற தைப்பொங்கலன்று, கணவனை இழந்த தாயின், சகோதரியின் கையிலே மாக்கிண்ணத்தைக் கொடுத்து, “அம்மா, நீங்கள் போடுங்கள்”, “அக்கா, நீங்கள் போடுங்கள்” என்று சொல்லும் துணிவு இளைஞருக்கு வேண்டும். அயலார் முகஞ்சுளிப்பர், சிலர் கெட்ட சகுனம் என்பர். அந்த வீட்டு நெல்லை விளைவித்த கையே அந்த வீட்டுக் கோலத்தையும் இட்டது என்று அவர்களுக்கு மறுமொழி கூறலாம். மக்கள் கலையைப் பற்றி நாம் எழுதும் கட்டுரைகள் அந்த ஒரு முற்றத்திலேனும் பயன்பட்டால், அவற்றை எழுதியது வீணாகாது.